மடியில் வைத்துப் பார்த்து வாங்கிய மொனிட்டர்

கடைப் பிள்ளை மட்டைப்பெட்டியின் வாயைக் கத்தியால் கீறித் திறந்தபோது ஒரு மணம் வந்தது. இருபது வருடமாக நான் மறந்துபோயிருந்த மணம். சாமான் உடையாமல் சுற்றி அடைக்கிற வெள்ளை ரெஜிபோமும் புது வயரும் சேர்ந்து, எங்கள் ஊர் வெக்கையில் அடைபட்டுக் கிடந்து, திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அதுதான். நான் என்னை அறியாமல் குனிந்து பெட்டிக்குள் மூக்கை நுழைத்துவிட்டேன். நிமிர்ந்தால் அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "அங்கிள், உள்ளுக்க ஏதும் விழுந்திட்டுதா?" என்று கேட்டாள். கொஞ்சக் காலத்துக்கு முன்புவரை கடைகளில் எனக்கு அண்ணா என்றுதான் பெயர்.

நான் போனது மொனிட்டர் வாங்க. கொம்பியூட்டருக்கு இல்லை, விளையாட்டுப் பெட்டிக்கு. நாற்பத்தேழு வயதில் இது என்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். காரணம் நஸீர். கிண்ணியாக்காரன், என் பழைய கூட்டாளி, இப்போது கட்டாரில் இருக்கிறான். பல வருடங்களாக எங்கள் சிநேகிதம் ஆண்டுக்கு இரண்டு படத்தோடு நின்றுபோயிருந்தது. தீபாவளிக்கு அவன் ஒரு விளக்குப் படம் அனுப்புவான், பெருநாளுக்கு நான் ஒரு பிறைப் படம் அனுப்புவேன். அதற்கு மேல் என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. இப்படி இருக்க, போன கிழமை திடீரென்று போனில் அவனுடைய குரல் பதிவாகி வந்தது.

"மச்சான், பிள்ளையளுக்குக் கேம் பெட்டி ஒண்டு வாங்கினனான். நீயும் ஒண்டு எடு. இதில இஞ்ச இருந்து அங்க விளையாடலாமாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் முந்தி மாதிரி கார் ஓடுவம், என்ன?"

'முந்தி மாதிரி' என்று அவன் சொன்ன இடத்தை நான் நாலு தரம் திருப்பிக் கேட்டேன். பெட்டி என்னிடம் இருந்தது. கனடாவிலிருந்து வந்த தங்கச்சியின் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனது. இல்லாதது திரை. ஆறு மணியிலிருந்து எங்கள் வீட்டு ரீவி என் மனைவியினதும் மாமியாரினதும் சொத்து. அதைக் கேட்டுப் பார்க்கிற அளவுக்கு எனக்குத் துணிவு இல்லை. ஆகவே வெள்ளிக்கு முன் எனக்கென்று ஒரு மொனிட்டர் வேண்டும். அது கிடைத்தால் என் கூட்டாளி திரும்பக் கிடைத்துவிடுவான் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நம்பினேன்.

கடைப் பிள்ளை கெட்டிக்காரி. இருபத்துநாலு இஞ்சா இருபத்தேழா, வளைந்ததா தட்டையா என்று வரிசையாகக் கேட்டாள். "உங்கட பெட்டி படத்தை நூற்றியிருபது ஹேர்ட்ஸ் வேகத்துக்கு மேல குடுக்காது அங்கிள். அதுக்கு மேல உள்ளதுக்கு வீணாக் காசு குடுக்காதேங்கோ" என்று சொன்னாள். கடைசியாக, "எவ்வளவு தூரத்தில இருந்து பாப்பீங்கள்?" என்றாள். எனக்குத் தெரிந்த காலத்தில் மொனிட்டர் வாங்க வருகிறவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மடியில கொள்ளுமா?"

நாங்கள் என்று சொன்னது நானும் நஸீரும். துறைமுக வீதிப் பக்கம் ஒரு கொம்பியூட்டர் கடையில் இருவரும் வேலை பார்த்தோம். திருத்துவது, பூட்டுவது, கூட்டுவது எல்லாம் நாங்கள்தான். முதலாளி தம்பலகாமத்து வயல்காரர். கொம்பியூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், ஆட்களைப் பற்றித் தெரிந்தது நிறைய. வாடிக்கையாளரில் பாதிப் பேர் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வருகிறவர்கள். மூதூர் என்றால் லோஞ்சுப் படகில் போக வேண்டும். கிண்ணியா என்றால் பஸ்ஸில் போய், இறங்கி, பாதையில் ஏறிக் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் பெரிய மிதவையை. அந்தக் காலத்து மொனிட்டரோ ஆட்டுக்குட்டி ஒன்றின் பாரம். இவ்வளவு தூரமும் அது யாராவது ஒருவருடைய மடியில்தான் போக வேண்டும்.

அதனால் முதலாளி ஒரு வேலை செய்தார். கழித்துவிட்ட பஸ் ஒன்றின் சீற்றை எங்கேயோ வாங்கி வந்து கடைக்குள் போட்டார். ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும், கம்பி வேறு குத்தும். மொனிட்டர் வாங்க வருகிறவர் அதில் உட்கார வேண்டும். நாங்கள் மொனிட்டரைத் தூக்கி, கண்ணாடிப் பக்கம் நெஞ்சோடு படும்படி மடியில் வைப்போம். பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான். பதினாலு அங்குலம் என்றால் தலை வெளியே தெரியும், மூச்சும் விடலாம். பதினேழு என்றால் தாடை முட்டும், முன்னால் ஒன்றும் தெரியாது. "பக்கத்து சீற்றில இருக்கிற மனுசனுக்கு இடிக்குதா பாருங்கோ" என்று முதலாளியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவார். படம் எப்படி, நிறம் எப்படி என்றெல்லாம் பிறகுதான். பட்டதாரி மாப்பிள்ளைகள், பாடசாலை அதிபர்கள், ஒரு பாதிரியார்கூட அந்த சீற்றில் உட்கார்ந்து மொனிட்டரைக் கட்டிப்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நஸீரின் மாமா துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்தவர். கோதுமைக் கப்பல் ஒன்றின் மாலுமி ஊருக்குப் போகுமுன் தன் விளையாட்டுப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். மாமாவுக்கு அது என்ன சாமான் என்றே விளங்கவில்லை, பாட்டுப் பெட்டி என்று நினைத்து நஸீரிடம் கொடுத்தார். பெட்டி வந்தது, திரை இல்லை. அவன் வீட்டு ரீவியில் வாப்பா செய்தி பார்ப்பார், என் வீட்டு ரீவியில் அப்பா செய்தி பார்ப்பார். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் செய்திக்குக் குறைச்சல் இருக்கவில்லை. ஆகவே இருவரும் சேர்ந்து பாதிப் பாதி போட்டு ஒரு மொனிட்டர் எடுப்பது, ஒரு கிழமை அவன் வீட்டில், ஒரு கிழமை லிங்கநகரில் என் வீட்டில் என்று வைத்துக்கொள்வது, வெள்ளி பின்னேரம் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே இருவரும் விளையாடுவது என்று முடிவு செய்தோம்.

ஊருக்கெல்லாம் மடி பார்த்த நாங்கள் அன்று எங்களுக்கே பார்த்தோம். நஸீர் கட்டை, நான் நெட்டை. என் மடியில் வடிவாக இருந்தது அவனுடைய மூக்கை மறைத்தது. அவனுக்குச் சரியாக வந்தது என் முழங்காலில் நிற்காமல் சறுக்கியது. கடையில் இருந்த எல்லாவற்றையும் மாறி மாறி மடியில் வைத்துப் பார்த்ததில் மத்தியானமாகிவிட்டது. முதலாளி வாசலில் நின்று, "என்னடா பெடியள், பிள்ளைக்குக் காது குத்தப்போறீங்களா?" என்று கேட்டார். கடைசியில் ஒரு பதினாலு அங்குலம் இருவர் மடிக்கும் பொருந்தியது. சாக்கில் சுற்றி, நான் இடுப்பில் உடுக்கும் சாரத்தால் மேலே கட்டி, அந்த வெள்ளியே கிண்ணியாவுக்குக் கொண்டுபோனோம்.

நஸீரின் வீட்டில் ஒரு கூட்டமே காத்திருந்தது. உம்மா மேசையைத் துடைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து வைத்திருந்தா. நாங்கள் மொனிட்டரை வைத்தோம், பெட்டியை வைத்தோம், வயரை எடுத்தோம். பெட்டியின் வயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஊசி. மொனிட்டரின் பின்பக்கத்தில் அப்படி ஓட்டை ஒன்றுமே இல்லை. நாள் முழுதும் அதே மொனிட்டர்களைத் திருத்துகிற இரண்டு பேர், மடியை மட்டும் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தைப் பார்க்காமல் வந்திருக்கிறோம். நஸீர் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். உம்மாதான் முதலில் சிரிக்கத் தொடங்கினா. "சரி மகன், அதப் பாத்துக்கொண்டே சாப்பிடுங்க" என்று கணவாய் ஆணமும் சோறும் கொண்டுவந்து வைத்தா. இருண்டுபோன கண்ணாடியில் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான சோற்றை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

அடுத்த கிழமை முதலாளி, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, ஊசிகளை மொனிட்டரோடு பொருத்தும் ஒரு சின்னப் பெட்டியைத் தேடித் தந்தார். மொனிட்டருக்குச் சத்தம் கிடையாது என்பதால் வாப்பாவின் கசற் ரேடியோவில் சத்தத்தைக் கொடுத்தோம். பிறகு வெள்ளிக்கு வெள்ளி அந்தச் சாக்கு மூட்டை தண்ணீரைக் கடந்தது. ஒருமுறை என் மடி, ஒருமுறை அவன் மடி. சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் முதல் இரண்டு கிழமையும் சாக்கை அவிழ்க்கச் சொன்னான். மூன்றாம் கிழமை, "கேம்?" என்று மட்டும் கேட்டுச் சிரித்துவிட்டுக் கையைக் காட்டினான்.

சுனாமியாகக் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை மொனிட்டர் என் வீட்டில் இருந்தது. லிங்கநகர் பக்கம் தண்ணீர் வரவில்லை. நஸீரின் வீட்டில் குசினிச் சுவர் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று தெரியவே எனக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளைப் பற்றி நான் எழுத மாட்டேன். கடலுக்குத் தள்ளி, குறிஞ்சாக்கேணியில் அவனுடைய அக்கா, ராத்தாவின் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். நான் போனபோது உம்மா யாரோ கொடுத்த, அளவில்லாத சட்டையோடு பாயில் உட்கார்ந்திருந்தா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "மகன், உங்கட பெட்டி தப்பினதா?" என்று கேட்டா. வீடும் அலுமாரியும் நகையும் போய்விட்ட மனுசி அதைத்தான் முதலில் கேட்டா. "ஓம் உம்மா" என்றேன். "அதாவது இருக்கட்டும்" என்றா.

வீடு கட்ட வேண்டும் என்று நஸீர் கட்டாருக்குப் போனான். போகுமுன், "நீ வச்சிரு மச்சான், வந்து என்ர கிழமைக்கு எடுக்கிறன்" என்றான். வீடு எழும்பியது, கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், மனைவியையும் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டான். பாலம் வந்து பாதையும் நின்றது. மொனிட்டர் என் வீட்டு அலுமாரிக்கு மேல் ஏறி, பிறகு கட்டிலுக்குக் கீழ் இறங்கி, ஒருநாள் நான் வேலையால் வந்தபோது இல்லாமல் போயிருந்தது. பழைய சாமான் வண்டிக்காரனிடம் கொடுத்து மனைவி உடுப்புத் தோய்க்க ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேசன் வாங்கியிருந்தாள். அவள் மேல் என்ன பிழை, பாவிக்காமல் கிடந்த பழைய பெட்டி என்றுதான் அவளுக்குத் தெரியும். நான்தான் அது யாருடையது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நஸீருக்கும் சொல்லவில்லை. எங்கள் கதை படங்களாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நான் நினைப்பதுண்டு. குற்றம் செய்தவன் தானே முதலில் பேச்சைக் குறைப்பான்.

கடைப் பிள்ளை சொன்ன இருபத்தேழு அங்குலத்தையே எடுத்தேன். சத்தம் உள்ளே இருக்கிறதா, பின்பக்கத்தில் சரியான ஓட்டை இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டேன். ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டோவில் வைத்தேன், அவ்வளவு மெல்லிசு.

வெள்ளி பின்னேரம் கதவைச் சாத்தி, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நஸீரின் குரல் காதுக்குள் கேட்டது. குரலில் மாற்றம் இல்லை. கார் தெரிவு செய்வதற்குள் நான் பேசன் கதையைச் சொல்லிவிட்டேன். அவன் இன்னொருதரம் சொல்லச் சொன்னான். பிறகு, "பேசன் நல்ல பேசனா?" என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கினான். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. உம்மா போய் ஐந்து வருடமாகிறது என்றான். தெரியும் என்றேன். ஜனாஸாவுக்கு நான் போயிருந்தேன், அவனால்தான் வர முடியவில்லை.

பந்தயம் தொடங்கியது. அப்படி ஒரு படத்தை நான் கண்டதில்லை. மழை பெய்தால் ரோட்டில் வெளிச்சம் வழுக்குகிறது. ஆனால் எனக்கு ஓட வரவில்லை. என் கண் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. பழைய பெட்டியில் இரண்டு பேர் ஓடினால் திரை குறுக்கே இரண்டாக வெட்டுப்படும், மேல் பாதி அவனுக்கு, கீழ்ப் பாதி எனக்கு. நான் என் பாதியைப் பார்த்ததைவிட அவன் பாதியைப் பார்த்ததுதான் அதிகம். எந்த வளைவில் நிற்கிறான், எங்கே முட்டினான் என்று எல்லாம் தெரியும். "என்ர பக்கம் பாக்காதடா" என்று முழங்கையால் இடிப்பான். இப்போது இருபத்தேழு அங்குலமும் எனக்குத்தான். அவனுக்கு அங்கே அவனுடையது முழுசாக இருக்கிறது. நான் மேலே பார்த்தால் வானம் மட்டும் இருந்தது.

"மச்சான், எங்க நிக்கிறாய்?" என்று காதுக்குள் கேட்டான்.

"உனக்குப் பின்னாலதான் வாறன்" என்றேன். அவன் எனக்கு முன்னால் போகிறானா பின்னால் வருகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.