பதினான்காம் பக்கத்தின் மேல் ஒரு பழுதுச் சீட்டு

அந்தக் கம்பெனியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டில் மாதம் ஒருமுறை அச்சாகி வரும், அத்தோடு சரி. எந்த வாக்கியத்தை அவள் கையில் கொடுத்தாலும் சலித்து, கல்லையும் தூசியையும் தனியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அதனால் ஒட்டிய பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்படுவாள் என்று எதிர்பார்ப்பார்கள். அவளோ தேநீர்க் கோப்பையிலேயே அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

கம்பெனி செய்தது ஒரு கறுப்புப் பெட்டி. செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே டிஸ்க். சின்ன ஆஸ்பத்திரி, அச்சகம், போட்டோ ஸ்டூடியோ என்று ஊரில் கோப்புகளைச் சேர்த்துவைக்க வேண்டிய எல்லாரும் வாங்கினார்கள். பெட்டியோடு ஒரு கையேடு வரும். அதை எழுதுவது சல்லடை, படம் போடுவது பக்கத்து மேசைப் படக்காரர். இரண்டே பேர்தான் ஒரு துறை. அதற்கு முன்னால் ஐந்து வருஷம் அதே கம்பெனியில் வாடிக்கையாளர் தொலைபேசியில் உட்கார்ந்து, “எதை அமுக்கினாலும் ஒண்ணும் நடக்கலையே” என்று அழுதவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவள் அவள். யார் எங்கே வழுக்கி விழுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவளே வழுக்கிய இடம்தான் பதினான்காம் பக்கம்.

அந்தப் பக்கம் பெட்டியின் கோப்பு முறைமையைப் பற்றியது. கோப்பு முறைமை என்றால் பூதம் ஒன்றுமில்லை. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எந்த மூலையில் கிடக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான். இவர்களுடைய கோப்பு முறைமைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. மணிக்கு ஒருமுறை, இந்த நிமிஷம் எது எப்படி இருக்கிறது என்று ஒரு ஸ்னாப்ஷாட் பிடித்துவைத்துக்கொள்ளும். நீங்கள் எதையாவது கைதவறி அழித்துவிட்டால் போன மணி நேரத்துக்குத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். டிஸ்க் செத்தால் கூடவே அதுவும் உடன்கட்டை.

கையேட்டில் இருந்த வாக்கியம் இது: “ஸ்னாப்ஷாட் உங்கள் கோப்புகளின் எல்லா நிலைகளையும் பாதுகாக்கும்.” பொறியாளர்கள் எழுதிக் கொடுத்தது. ஆறு வருஷத்துக்கு முன், தொலைபேசியிலிருந்து கையேட்டு வேலைக்கு மாறிவந்த வாரத்தில், சல்லடை அதைப் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை, போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவள். அண்ணி எழுதிய கையேடாயிற்றே என்று எழுத்து விடாமல் படித்தாள். பதினான்காம் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு அடியில் சிவப்பு மையால் கோடு வேறு போட்டாள். ஸ்னாப்ஷாட்டை இயக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு திங்கட்கிழமை காலை டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. நான்கு வருஷக் கல்யாணப் படங்கள் போயே போய்விட்டன. யார் யாருடைய வீட்டுக்கெல்லாமோ போய்த் தலைகுனிந்து நின்றாள் பாவம்.

அவள் சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “உங்க புஸ்தகத்துலதான் அண்ணி போட்டிருந்துச்சு.” அதற்குப் பிறகு, “அண்ணீ” என்று வாசலிலேயே கத்திக்கொண்டு ஓடிவருகிறவள், “வாங்க, உட்காருங்க” என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். அந்த மரியாதை இருக்கிறதே, அது சல்லடைக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு அச்சுக்குப் போக அப்போது ஐந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போய்விடும். அப்புறம் அதே வாக்கியம் நாற்பதாயிரம் பெட்டிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு நாற்பதாயிரம் பேரை நம்பவைக்கும். சல்லடை நேரே பொறியாளர் தலைவரிடம் போனாள். அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். பத்தாயிரம் வரி நிரலைக் கொடுத்தாலும் பழுது எங்கே என்று பார்வையிலேயே சொல்லிவிடுவார். ஆனால் மனுஷர்களை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

“சார், பதினாலாம் பக்கத்தை மாத்தணும்.”

“ஏன், அதுல எந்த வார்த்தை தப்பு? காட்டுங்க.”

அவளால் காட்ட முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் சரிதான். சேர்த்துப் படித்தால்தான் ஆளைக் கவிழ்க்கும்.

“எல்லாரும் அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க சார்.”

“எல்லாரும்னா? உங்க நாத்தனார் ஒருத்தரா? வீட்டு விவகாரத்தை ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க. பழுதுன்னா சீட்டுப் போடுங்க, செஞ்சு காட்டுங்க, பார்ப்போம்.”

அதுதான் அந்தக் கம்பெனியின் சட்டம். எதையும் பழுது என்று சும்மா சொல்லிவிட முடியாது. பழுதுச் சீட்டில் மூன்று கட்டம் இருக்கும்: என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. அதை நிரப்பி, எல்லார் முன்னாலும் அதே பழுதை மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் திருத்தியே ஆக வேண்டும், முதலாளியே தடுத்தாலும். சல்லடை என்ன செய்தாள் தெரியுமா? போய் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தின் மேலேயே ஒரு பழுதுச் சீட்டுப் போட்டுவிட்டாள்! மாடி முழுக்கச் சிரிப்பு. படிக்கிற ஆளையே பழுதுபார்க்கப் போகிறாள் சல்லடை என்று ஒருத்தன் அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவைத்தான். அவள் அதற்கும் கீழே நன்றி என்று எழுதிவிட்டு வந்தாள்.

சீட்டுப் போட்டாயிற்று, ஆனால் செய்து காட்டுவது எப்படி? ஆளைக் கூப்பிட்டு “புரிந்ததா?” என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அந்த யோசனையிலேயே அன்று சாயங்காலம் புருஷனின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவர் கண் பரிசோதிப்பவர். ஒரு பெரியவரை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லாத் தெரியுதுப்பா” என்றார் பெரியவர்.

“தெரியுதுன்னு சொல்லாதீங்கய்யா, படிச்சுக் காட்டுங்க” என்றார் புருஷன். பெரியவர் படித்தார். ஆறு எழுத்தில் நாலு தப்பு.

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அந்தக் கடைக்குப் போய்வருகிறாள், அன்றுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. “ஏங்க, நீங்க ஒரு மேதைங்க!” என்றாள். அவர் கையிலிருந்த லென்ஸையே கீழே போடப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை.

வியாழக்கிழமை கூட்ட அறையில் ஒரு மேசை. மேசைமேல் கறுப்புப் பெட்டி. ஓரத்தில் இன்னொரு டிஸ்க், கேபிளோடு சும்மா கிடந்தது. எக்ஸ்ரேயும் பொறியாளர்களும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சல்லடை முதலில் காவலாளியைக் கூப்பிட்டாள். அவர் ஃபோனிலிருந்த குடும்பப் படங்களைப் பெட்டிக்கு ஏற்றினாள். பழைய பதினான்காம் பக்கத்தைக் கையில் கொடுத்தாள்.

“அண்ணே, இந்தப் படங்க எந்தக் காலத்துலயும் தொலையக் கூடாது. பக்கத்தைப் படிச்சுட்டு என்ன செய்யணுமோ செய்யுங்க. மேசையில இருக்கிற எதை வேணாலும் எடுத்துக்கலாம். போதும்னு தோணினா சொல்லுங்க.”

அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. காவலாளி நிதானமாகப் படித்தார், ஸ்னாப்ஷாட்டை இயக்கினார், கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “ஆச்சும்மா. பத்திரமா இருக்கு.”

சல்லடை பெட்டியிலிருந்து டிஸ்க்கை உருவினாள். “டிஸ்க் செத்துப்போச்சுண்ணே. இப்ப உங்க பொண்ணு படத்தை எடுங்க.”

மனுஷர் பெட்டியைத் தடவிப் பார்த்தார். “பத்திரமா இருக்கும்னு போட்டிருக்கேம்மா?” என்றார். பிறகு பதறிப்போய் ஃபோனைத் திறந்து, படமெல்லாம் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அடுத்து வரவேற்பு மேசைப் பெண், சமையலறைப் பொறுப்பாளர், வண்டியோட்டி, துப்புரவு மேற்பார்வையாளர். ஐந்துக்கு ஐந்தும் அதே கதை. ஓரத்திலிருந்த டிஸ்க்கை ஒருத்தர்கூடத் தொடவில்லை.

அப்புறம் வேறு ஐந்து பேரைக் கூப்பிட்டாள். இவர்களுக்கு அவள் எழுதிய புதுப் பக்கம்: “ஸ்னாப்ஷாட், நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பை மீட்டுத் தரும். ஆனால் அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் பழுதானால் ஸ்னாப்ஷாட்டும் போய்விடும். எனவே இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி வையுங்கள்.”

ஐந்து பேரும் படித்த கையோடு ஓரத்து டிஸ்க்கை எடுத்துச் செருகினார்கள். கடைசியாக வந்த லிஃப்ட் மெக்கானிக் ஒரு படி மேலே போய்விட்டார். பிரதி எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

“எங்கண்ணே எடுத்துட்டுப் போறீங்க?”

“வீட்டுக்குத்தான். மேசை தீப்பிடிச்சா ரெண்டும் சேர்ந்துல்ல எரியும்?”

சல்லடைக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அங்கேயே பேனாவை எடுத்து “வேறோர் இடத்தில்” என்று சேர்த்து எழுதினாள். அவர் சிரித்துக்கொண்டே டிஸ்க்கைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

சுவரோரம் இப்போது சிரிப்பில்லை. எக்ஸ்ரே மட்டும் விடவில்லை. “இவங்க யாரும் நம்ம துறை ஆளுங்க இல்லை. விஷயம் தெரிஞ்சவன் இந்தத் தப்பைப் பண்ணவே மாட்டான்.”

அடுத்து அவள் கேட்டதைத் தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று அந்தக் கம்பெனியில் இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. சத்தியமாக அவளுக்குத் தெரியாது. வாயில் வந்தது, கேட்டாள்.

“நம்ம டிசைன் எல்லாம் எங்க சார் வெச்சிருக்கோம்?”

“நம்ம பெட்டியிலதான். வேற எங்க வைப்போம்?”

“அதோட இன்னொரு பிரதி?”

எக்ஸ்ரே, அப்போதுதான் உள்ளே வந்த கணினி அறைப் பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னாள். “ஸ்னாப்ஷாட் போட்டிருக்கேன் சார். மணிக்கு ஒண்ணு, ஒருநாள்கூடத் தவறினதில்லை. கையேட்டுல பதினாலாம் பக்கத்துல இருக்கிறபடியே.”

“இன்னொரு டிஸ்க்ல?”

“அதான் எல்லாத்தையும் பாதுகாக்கும்னு போட்டிருக்கே சார்?”

பன்னிரண்டு வருஷ உழைப்பு, அந்தக் கம்பெனியின் உயிரே, ஒற்றை டிஸ்க்கில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பெட்டியைச் செய்தவர்களே, தங்கள் பெட்டியைப் பற்றித் தாங்களே எழுதிய வாக்கியத்தை நம்பி மோசம் போயிருந்தார்கள்! எக்ஸ்ரே வேறு எதுவும் கேட்கவில்லை. மேசைமேல் கிடந்த டிஸ்க்கை வாரிக்கொண்டு கணினி அறைக்கு ஓடினார். வயது ஐம்பத்தெட்டு, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். சல்லடையும் காவலாளியும் மட்டும் அறையில் நின்றார்கள்.

“ஜெயிச்சுட்டோமாம்மா?” என்றார் காவலாளி.

“ஜெயிச்சுட்டோம்ணே” என்று சொல்லி அழுதுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று இருபதுக்கு எக்ஸ்ரே அவள் மேசைக்கு வந்தார். புதுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பழுதுச் சீட்டில் “பழுது உறுதி” என்று எழுதி அதற்கும் கையெழுத்துப் போட்டார். “நான் சொன்னது தப்பும்மா. வார்த்தை வார்த்தையாப் பார்த்தேன், படிக்கிற ஆளைப் பார்க்கலை” என்றார். பிறகு போகிற போக்கில், “மத்த அறுபது பக்கத்துக்கும் இதே மாதிரி ஆளை உட்காரவைக்கணும், எப்ப ஆரம்பிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். படக்காரர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஏழு மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் தொலைபேசிப் பிரிவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து சல்லடையின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். பதிவான அழைப்பு. யாரோ ஒரு பல் டாக்டர்.

“டிஸ்க் செத்துப்போச்சுங்க” என்றது குரல்.

“ரொம்ப வருந்துறோம் மேடம்…” என்று இவர்கள் வழக்கமான ஒப்பாரியை ஆரம்பித்தார்கள்.

“அட, நீங்க எதுக்கு வருந்துறீங்க? பிரதி எங்க வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கு. கையேட்டுலதான் தெளிவாப் போட்டிருக்கே. செத்ததை எங்க அனுப்பணும், அதை மட்டும் சொல்லுங்க.”

சல்லடை அதை நாலு தடவை கேட்டாள். மாடி முழுக்க அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அன்றைக்குப் பலகையில் எழுதிய அதே ஆள் எழுந்து நின்று கைதட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் பதிப்பில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நாத்தனாரின் ஸ்டூடியோவுக்குப் போனாள். உள்ளே கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி, எந்த ஆல்பம் எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தது. “வாங்க, உட்காருங்க” என்றாள் நாத்தனார், அதே மரியாதையோடு. சல்லடை பதினான்காம் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். விளக்கம் சொல்லவில்லை. புரிந்ததா என்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் நின்றபடியே படித்தாள். மறுபடி உட்கார்ந்து படித்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து அதே சிவப்புப் பேனாவை எடுத்து, நாலு வாக்கியத்துக்கும் அடியில் அழுத்தமாகக் கோடு போட்டாள். கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண் கேட்டாள். “எங்க படமெல்லாம் தொலைஞ்சு கிலைஞ்சு போகாதே? இங்க முன்னாடி ஏதோ போயிடுச்சுன்னு சொன்னாங்க.”

நாத்தனார் கையேட்டை அப்படியே அவர்கள் பக்கம் திருப்பினாள். “இப்ப இங்க ஒண்ணு, எங்க வீட்டுல ஒண்ணு, ரெண்டு இடத்துல இருக்கும். இந்தப் பக்கத்தைப் படிங்க” என்றாள். விரலைச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்தாள். “எங்க அண்ணி எழுதினது.”