நான்கு மணி பத்துக்கு எடுத்த சிரிப்பு

என் அண்ணனின் கால்களைக் கேலி செய்தபோது நான் வாய்விட்டுச் சிரித்ததாகத் தமிழ்நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் சிரிக்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

அண்ணன் தாடிக்கொம்பில் காய்கறி வண்டி ஓட்டியவர். ஆறு வருடத்துக்கு முன் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. எட்டு மாதம் கழித்து மதினி லைசென்ஸ் எடுத்து, அதே வண்டியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றத் தொடங்கினார். அவரைத்தான் தொலைக்காட்சிக்காரர்கள் அழைத்தார்கள். சனிக்கிழமை இரவு பத்தரைக்கு வரும் அரட்டை நிகழ்ச்சி. ஒரு நகைச்சுவைக்காரர் சோபாவில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் பேசுவார். பாதி பேச்சு, பாதி கிண்டல். ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்தவர்கள் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டிருந்தார்கள். மதினிக்குத் துணையாக நான் போனேன்.

மூன்றாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்தோம். நான்கு மணி பத்துக்கு, காதில் கருவி மாட்டிய ஒரு பெண் மைக்கைப் பிடித்தாள்.

"ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க ரியாக்‌ஷன் மட்டும் எடுத்துக்கிறோம். மொதல்ல கைதட்டு, அப்புறம் சின்னச் சிரிப்பு, கடைசியா விழுந்து விழுந்து சிரிக்கணும். ஓகேவா?"

"எதைப் பாத்தும்மா சிரிக்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"பக்கத்துல இருக்கவரைப் பாருங்க சார், போதும்."

கேமரா எங்கள் வரிசைக்கு வந்தது. "கண்ணாடி போட்ட சார், பல்லே தெரியல" என்றாள். என்னைத்தான். மதினி விலாவில் இடித்தார். "என்னங்க தம்பி, பல்லுக்கு வாடகையா கேக்குறாக? சிரிங்களேன்." அதற்குத்தான் நான் சிரித்தேன். பதினைந்து நிமிடம் இப்படிப் போனது. அந்த நேரத்தில் நகைச்சுவைக்காரர் மண்டபத்துக்குள்ளேயே இல்லை. வெளியே ஏசி வண்டியில் இருந்தார்.

ஐந்தேகாலுக்கு மதினியை மேடைக்கு அழைத்தார்கள்.

"வண்டிய நீங்க ஓட்டுறீங்க. வீட்ல சார் என்ன பண்றாரு?" என்றார் நகைச்சுவைக்காரர்.

"அவருக்கு நடக்க ஏலாது தம்பி. படுக்கையிலதான் இருக்காரு."

"அப்ப உங்கள விட்டுட்டு ஓடிப்போயிருவாரோன்னு பயமே இல்ல. குடுத்து வச்சவங்கக்கா நீங்க!"

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மதினி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். "அவரு எங்கயும் ஓட மாட்டாரு தம்பி. எங்க ஊருக்கே வந்து இப்படிப் பேசிட்டு, நீங்கதான் ஓடணும்." அப்போதுதான் மண்டபம் சிரித்தது. விசில் பறந்தது. அவரும் சிரித்துச் சமாளித்தார்.

அதிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை ஒளிபரப்பினார்கள். "குடுத்து வச்சவங்கக்கா நீங்க!" என்று அவர் முடித்ததும் திரை முழுக்க என் முகம். அத்தனை பல்லும் தெரிந்தது. அதன்பின் கைதட்டல், அதன்பின் விளம்பரம். மதினியின் பதிலை வெட்டி எறிந்திருந்தார்கள். சிரிக்காத ஜனத்தைச் சிரிக்க வைத்து, சிரித்த சிரிப்பை மறைத்து, அதற்கு நகைச்சுவை என்று பெயரும் வைத்துக்கொள்கிறார்கள். செத்துப்போன கிண்டலுக்கு உயிர் கொடுக்க என் முகம்தானா கிடைத்தது?

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு மதினி போன் செய்தார். "ராத்திரியிலருந்து உங்கண்ணன் பேச்சே இல்ல. சிரிப்ப முன்னாடியே எடுத்தாகன்னு எம்புட்டோ சொல்லிட்டேன். அவனுக்கு நீ வக்காலத்து வாங்காதங்காரு."

அண்ணனுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். என்னைப் படிக்கவைத்தவர் அவர். அவர் பேசாமல் போனால் எனக்கு வேறு யாரும் இல்லை. அந்தக் காட்சியைக் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பதினோரு முறை பார்த்தேன். பதினோராவது முறை கண்ணில் பட்டது: என் முகத்துக்கு இடப்பக்கம், திரையின் ஓரத்தில், சிவப்புக் கரை போட்ட பச்சைச் சேலையும் ஒரு முழங்கையும். என்னை இடித்த அதே முழங்கை.

தொலைக்காட்சிக்கு மின்னஞ்சலில் புகார் எழுதினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: "உங்கள் ஆதரவுக்கு நன்றி." பக்கத்தில் சிரிக்கும் மஞ்சள் பொம்மை முகம் ஒன்று. அந்த முகத்தைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

அன்று மாலை தாடிக்கொம்புக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கைபேசியை அவர் கையில் வைத்தேன்.

"இந்த ஓரத்தப் பாருங்கண்ணே. மேடையில இருக்க மதினி எம் பக்கத்துல எப்படி உக்காந்திருப்பாக?"

விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இவ சேலதான். சரிலே, நீ சிரிக்கல."

மதினி சொன்ன பதிலையும் சொன்னேன். மதினி அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் கட்டில் அதிரச் சிரித்தார். "சொல்லியிருப்பா! சந்தையில கமிஷன் கடைக்காரனையே வாயடைக்க வச்சவ."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றார் மதினி அடுப்படியிலிருந்து.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் கேட்டார்.

"அவ ஒத்தப் பொம்பளயா மேடையில நின்னு பதில் சொன்னா. நீ என்னலே சொன்ன?"

"நான் கீழல்ல இருந்தேன்."

"அதத்தான் கேக்குறேன்."

"ஒண்ணும் சொல்லலண்ணே."

அவர் தலையை ஆட்டினார். படுக்கைப்புண் வராமலிருக்க அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் ஆகியிருந்தது. நான் வரும் நாட்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் புரளுவார். நான் குனிந்தேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து, தானே புரண்டுகொண்டார்.