அம்மா டீச்சரிடம் சொன்ன பதில்

என் அம்மா சைகோனில் பிறந்தவள். அவளுடைய அப்பா அங்கே ஜவுளிக்கடையில் வேலை பார்த்த தமிழர், அம்மா வியட்நாம்காரி. அவள் ஒன்பதாவது படிக்கும்போது போர் முடிந்து, குடும்பத்தோடு தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டாள். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. இங்கே எந்தப் பள்ளியிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சைகோனில் படித்த பள்ளியைப் பற்றி நிறையச் சொல்வாள். வெள்ளை நீள அங்கி, விரலெல்லாம் ஊதா மை. குண்டுச் சத்தம் கேட்டால் பெஞ்சுக்கடியில் புகுந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பாடி முடிப்பார்களாம்.

போன மாதம் என் மகள் அம்மாவின் அந்தக்கால வகுப்புத் தோழிகளைப் போனில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீடியோவில் வந்தார்கள். எல்லோருக்கும் அறுபது தாண்டியிருந்தது. நடுவில் அவர்களுடைய டீச்சரும் வந்தார். அந்த முகம் தெரிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டில் எழுந்து, மார்பில் கையைக் கட்டித் தலைகுனிந்தார்கள். முட்டிவலியோடு அம்மாவும் எழுந்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, "வாடா, டீச்சரு உன்ன பாக்கணுன்றாங்க" என்றாள்.

நான் கோடவுனில் மூட்டை ஏற்றுபவன். மற்றவர்களின் பிள்ளைகள் டாக்டர், எஞ்சினியர் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள்.

"வேலை கீதும்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் நின்றேன்.

திரும்பி வந்தபோது பேசி முடித்திருந்தார்கள்.

"நீ அஞ்சாவதோட நின்னுட்டன்னு ஆயா சொன்னாங்களாம்பா. ஏன்னு டீச்சர் கேட்டாங்களாம்" என்றாள் மகள்.

"நீ இன்னாம்மா சொன்ன?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"உள்ளத சொன்னேன். எனக்கு தமிழ் படிக்கத் தெரியாது, வூட்ல பாடம் சொல்லிக்குடுக்க முடியல, என்னாலதான் நின்னுட்டான்னேன்."

உள்ளது அதுவல்ல. எனக்கு அம்மாவின் கண்கள். பள்ளியில் பையன்கள் தங்கள் கண்ணை விரலால் இழுத்துக் காட்டி, 'சைனா, சைனா' என்று சிரிப்பார்கள். அதற்குப் பயந்துதான் போகாமல் நின்றேன். படிப்பு பிடிக்கவில்லை என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.

"எனக்கு படிப்பு ஏறலம்மா. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றேன்.

"ஏறாதவனா நீ? பேப்பர ஒரு வரி உடாம படிக்கிற."

உண்மையைச் சொன்னால் அவள் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் உன் முகம்தான் காரணம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"டீச்சரு இன்னா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னா சொல்லுவாங்க? அவங்க கிளாஸ்ல நான் பெயிலானது இதான் மொத வாட்டி" என்று சிரித்தபடி தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

நான் தலைகுனிந்து சாப்பிட்டேன்.