ஒப்பாரி கேட்கப் போன கௌதள்ளிப் பயணம்

ஊர் சுற்ற இடமா இல்லை, ஒப்பாரி கேட்கவா கௌதள்ளிக்குப் போனாய் என்று மைசூரில் எல்லோரும் என்னைக் கேட்டாயிற்று. நானாகப் போகவில்லை. போன தை மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இலியானா என்ற அம்மாள் வந்தார். ருமேனியாக்காரர், பாரிஸில் குடியிருப்பவர். கிராமத்துப் பாட்டுகளைக் கேட்டு, அந்தப் போக்கிலேயே புதிதாக இசை எழுதுகிறவர். தாய் இறந்து நாலு வருஷமாக அவருக்காக ஒன்று எழுதுகிறாராம், முடிகிறபாடில்லை. அவர் ஊரிலும் பெண்கள் பிணத்தைச் சுற்றி நின்று பாடி அழுவார்களாம். இங்கே எப்படி என்று கேட்டால் வழி பிறக்கும் என்று நம்பினார். தமிழும் இங்கிலீஷும் தெரிந்த பாவத்துக்கு என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

காலை ஆறரைக்கு மைசூரில் பஸ். கொள்ளேகாலில் மாறி, ஹனூர் வழியாகக் கௌதள்ளி, தமிழ் பேசுகிற ஊர். ஆளுக்கு ஒரு ரூபாய் பதினாலு அணா. சுதந்திரம் வந்த சேதி ஹனூர் ரோட்டுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, என் இடுப்பு கழன்றுவிட்டது. அந்த அம்மாளோ கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுவதைக் கேட்டுத் தானும் மெல்லக் கூவிப் பார்த்தார். கண்டக்டருக்கு ஒரே வெட்கம்.

பள்ளிக்கூடத்து ஆயாவின் தங்கை பழனியம்மா வீட்டில் இறங்கினோம். களியும் கீரைக் கடைசலும் போட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் தாராளமாகப் பாடினார்கள். ஒப்பாரி என்றதும் கப்சிப்.

"சாவு உளுகாத ஊட்டுல ஒப்பாரி வெக்கப்படாதுங்க டீச்சர்," என்றார் பழனியம்மா.

இத்தனை தூரம் வந்து இப்படியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இலியானா கோபப்படவில்லை. தாய் போனபோது ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை, முகம்கூடப் பார்க்கவில்லை, இதுவரை யாரோடும் சேர்ந்து அழுததும் இல்லை என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பழனியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நாலு வருசமா துக்கம் கேக்க ஆளில்லாமயா இருந்துது இந்தப் புள்ள? மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? அம்மா பேரென்னனு கேளுங்க."

அனா என்று கேட்டுச் சொன்னேன். துக்கக்காரரை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள், வருஷங்கள் ஆகியிருந்தாலும், கட்டிக்கொண்டு அழுவது அவர்கள் வழக்கம். வாசலில் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, அனாவின் பேர் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். முகம் பார்க்க வழியில்லாமல் போச்சே என்று பழனியம்மா இழுக்க, இலியானா தன் மொழியில் குரலெடுத்தார். ஒரு சொல் யாருக்கும் புரியவில்லை, ஒருவரும் நிறுத்தவும் இல்லை. என் அம்மா மைசூரில் சௌக்கியமாக இருக்கிறார், நானும் அழுதேன். முடிந்ததும் எல்லோர் தலையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் தப்பவில்லை.

போகிறவர்கள் மாற்றுப் புடவை கட்டாயம் எடுத்துப் போங்கள். திரும்ப நாலே காலுக்குத்தான் கடைசி பஸ். பாட்டு என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஒப்பாரியை மட்டும் வேடிக்கைக்குக் கேட்காதீர்கள்.

பஸ்ஸில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த இலியானாவிடம், மெட்டை எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டேன். ஒரு வரிகூட இல்லை என்றார். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்துவிட்டு ஏன் என்றேன்.

"எங்க அம்மா சாவுக்குத்தானே போயிருந்தேன், அங்க உக்காந்து எப்படி எழுதறது?" என்றார்.