படத்தைப் படித்து முடி வெட்டியவர்

சலூன்காரருக்குப் படம் என்றாலே எரிச்சல். வருகிறவன் எல்லாம் போனை நீட்டி, "இந்த மாதிரி வெட்டுங்க" என்பான். பாதித் தலை வெட்டும்போது போன் அணைந்துவிடும், இல்லாவிட்டால் அவன் பெண்டாட்டி கூப்பிடுவாள். படமும் போச்சு, வெட்டும் போச்சு. அப்படியிருக்கையில்தான் ஒரு வாடிக்கையாளர் ஏஐ செயலி ஒன்றை இவர் போனில் போட்டுக் கொடுத்தார். படத்தைக் காட்டினால் அதில் இருப்பதையெல்லாம் எழுத்தாக்கித் தரும். அந்த எழுத்தைக் கொடுத்து அதே மாதிரி புதுப் படம் செய்துகொள்ளலாமாம். இவருக்குப் புதுப் படம் எதற்கு? எழுத்து வந்ததே போதும் என்று பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மனைவி பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள், இவர் வெட்டுவார். செயலி முடியோடு நிறுத்தினால் பரவாயில்லையே. "காற்றில் அலையும் கேசம்" என்று வந்தால் டேபிள் ஃபேனைத் தூக்கி வாடிக்கையாளர் மூஞ்சிக்கு நேரே வைப்பார். "மாலை வெயில்" என்று வந்தால் சாயங்காலம் வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். "தொலைதூரத்தை வெறிக்கும் சோகக் கண்கள்" என்று ஒரு தடவை வந்துவிட்டது. பாவம், அன்று நாற்காலியில் இருந்த தபால்காரர், வெட்டி முடிக்கும்வரை எதிர்க்கடைச் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். போகும்போது நிஜமாகவே சோகமாகத்தான் போனார். ஆனாலும் கடையில் கூட்டம் கூடியது.

மனுஷருக்குக் குறை வேறு இடத்தில். கடைக்கு மேலேதான் வீடு: ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. அந்த அறையில் மனைவியின் தம்பி இருந்தான். வேலை தேடி ஒரு வாரம் தங்க வந்தவன். வேலை கிடைத்தது, போனது, மறுபடி கிடைத்தது, அவன் மட்டும் போகவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதெல்லாம் மச்சினனுக்குக் கிடையாது போலிருக்கிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இவன் கட்டிலையும் மெத்தையையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தான். சலூன்காரரும் மனைவியும் கூடத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தார்கள். அது விடிய விடிய உறுமும்.

"ஒரு கல்யாணம் ஆயிட்டா தனிக்குடித்தனம் போயிடுவான்ங்க," என்பாள் மனைவி. அந்த ஒரு வார்த்தையில்தான் மனுஷர் காலத்தை ஓட்டினார். வந்த பெண்களோ அவன் உச்சந்தலை வழுக்கையைப் பார்த்துவிட்டு நழுவினார்கள்.

கடைசியாக ஒரு நர்ஸ், விடுதியில் தங்கி வேலை பார்ப்பவள், டீக்கடையில் சந்தித்துப் பேச ஒப்புக்கொண்டாள். இதையும் விட்டால் கட்டிலை மறந்துவிட வேண்டியதுதான். சந்திக்க வேண்டிய நாளன்று மதியம் சலூன்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு மச்சினனை நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போர்த்தினார்.

"மாப்ள, எந்தப் படம் மாதிரி வேணும்?"

"நான் என்னை மாதிரியே இருக்கணும் மாமா. கொஞ்சம் நல்லா."

நியாயமான ஆசைதான். சரி, அவனையே படம் எடுத்துவிடுவோம் என்று போனை எடுத்தார். தொழில் புத்தி எங்கே போகும்? எந்த மூஞ்சியையும் கண்ணாடியில் பார்த்தே பழகியவர், நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, ஒரு கையில் சவரக்கத்தியோடு, கண்ணாடியில் தெரிந்த மச்சினனை எடுத்தார். தானும் படத்தில் விழுகிறோம் என்பது மண்டையில் ஏறவேயில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தலையின் இடது பக்கத்தை வழிக்க ஆரம்பித்தார்.

மனைவி படித்தாள். "'வெள்ளைத் துணி போர்த்திய ஓர் அப்பாவி மனிதர்.'"

"கரெக்ட்டுக்கா," என்றான் தம்பி.

"'அவருக்குப் பின்னால் நிற்பவர் பல வருடங்களாகத் தூங்காதவர். கண்களில் அடக்கிவைத்த கோபம். கையில் கத்தி. அடுத்த நொடி எதுவும் நடக்கலாம் என்ற...'"

அவள் நிறுத்தினாள். கத்தியும் நின்றது. கண்ணாடியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்னங்க, அப்படியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம், வாயா வலிக்கிறது? ஆனால் இத்தனை வருடத்தில் தன் மனதை யாரும் இப்படி அச்சு அசலாக எடுத்துச் சொன்னதில்லை.

"அந்த ஃப்ரிட்ஜ் சத்தத்துல எப்படிம்மா தூக்கம் வரும்?" என்றார்.

மச்சினன் எடுத்தான் ஓட்டம். போர்த்திய துணியோடு, பாதி வழித்த தலையோடு, நேரே டீக்கடைக்கு.

சலூன்காரர் காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மனைவி போனை பெஞ்சில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

"உன் தம்பியாச்சே."

"நாளைக்கே வேற ரூம் பாத்துக்கச் சொல்லிடறேன்," என்றாள். சலூன்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

சாயங்காலம் மச்சினன் திரும்பி வந்தான். பின்னாலேயே நர்ஸ். துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தவனின் கழுத்தில் முதலில் காயம் இருக்கிறதா என்று பார்த்தாளாம். பிறகு விஷயத்தைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. இவ்வளவு சிரிக்கவைக்கிறவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்றாள்.

சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "உக்காருங்க மாப்ள, மீதியையும் முடிச்சுடறேன்," என்று சந்தோஷமாகக் கத்தியைத் தீட்டினார்.

நர்ஸ் மேலே போய் வீட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணா, விடுதியில இருந்து இருந்து எனக்கு வெறுத்துப்போச்சு. இந்த மாதிரி கலகலன்னு ஒரு குடும்பத்தை விட்டுட்டு எதுக்குத் தனியா போகணும்? அந்த ரூமே எங்க ரெண்டு பேருக்குப் போதும்."

மனைவி எழுந்து வந்து, சலூன்காரர் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தாள்.