பெயரும் இலக்கமும் வெளியே தெரியவேண்டும்

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பிரதேச சபையில் இன்று வென்றுவிட்டோம்!

போன மாரியில் சந்தியில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் என் தம்பியைக் கன்னத்தில் அறைந்தார். பொலிஸ் நிலையத்துக்கு முறையிடப் போனோம்.

"அடிச்சவரின்ரை இலக்கம் என்ன?" என்று கேட்டார்கள்.

அவருடைய மழைக்கோட்டு பெயரையும் இலக்கத்தையும் மூடியிருந்தது. முறைப்பாடு அத்தோடு முடிந்தது.

நான் விடவில்லை. சபை உறுப்பினர் ரஞ்சி அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். கடமையில் நிற்கும் பொலிசாரின் பெயரும் இலக்கமும் வெளியே தெரியச் சட்டம் வேண்டும் என்று அவர் இன்று பிரேரணை கொண்டுவந்தார்.

ஓர் உறுப்பினர் எழும்பினார். "உது எங்கடை வேலையில்லை. நாங்கள் றோட்டையும் குப்பையையும் பாப்பம்."

"அண்ணை, குப்பை அள்ளுற ஆக்கள் பேர் அட்டை போடவேணுமெண்டு போன மாசம் நீங்கள்தானே கொண்டுவந்தனீங்கள்?" என்றார் ரஞ்சி அக்கா.

சபையே சிரித்தது. வாக்கெடுப்பில் எதிர்த்தவருடைய கையும் உயர்ந்தது. ஏகமனதாக நிறைவேறியது!

பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் இருந்த தம்பி என் கையை இறுக்கிப் பிடித்தான்.

சட்டம் கொழும்பில்தான் வரவேண்டும், சபைகள் கேட்கத்தான் முடியும், தெரியும். அதற்குள் உங்கள் சபைக்கு யார் எழுதப்போகிறீர்கள்? என் கடிதத்தை அனுப்பிவைக்கிறேன், எழுத்துப் பிழைகளை மட்டும் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.