பிச்சாட்டூரில் இருந்த இரண்டாம் பாகம்

ஏழாம் வகுப்பில் நான் படித்த போர்ச் சித்திரக்கதை ஒன்று பாதியில் நின்றுபோனது. ஆற்றுப் பாலத்துக்கு அடியில் ஒரு சிப்பாய் மல்லாந்து கிடக்கிறான். வெடிகுண்டின் கம்பியை வெட்டக் கையில் குறடு. தலைக்கு மேலே எதிரியின் லாரிகள். ‘மீதி இரண்டாம் பாகத்தில்’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். அந்த இரண்டாம் பாகம் எங்கள் புத்தூர்க் கடைக்கு வரவேயில்லை.

இப்போது திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கப் பழைய போர்க் காமிக்ஸ். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். பீரங்கிப் புகையைக் கறுப்பு மையில் எப்படிச் சுழற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே சிலவற்றை எடுப்பேன். எதை எடுத்தாலும் மனம் அந்தப் பாலத்துக்கே ஓடும்.

போன மாதம் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்த இரண்டாம் பாகத்தின் அட்டையைப் போட்டிருந்தார். பிச்சாட்டூரில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் இருக்கிறதாம். நேரில் போனால் காட்டுவாராம். அன்று வேலையில் கை ஓடவில்லை. ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் மறுநாளே லீவு போட்டேன்.

புத்தூரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும்.

“உக்காரும்மா. எதுக்கு இப்பிடிப் பதறிக்கினு கீற? புஸ்தகம் எங்கியும் ஓடிப்பூடாது.”

உள்ளே போய் எடுத்து வந்தார். திறந்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உள் அட்டை முழுக்கப் பேனாக் கையெழுத்துகள், ஏழு.

“மலை மேல பனியில எங்க காவல் போஸ்ட்டு. இது தபால்ல வந்திச்சி. தமிழாளுங்க ஏழு பேரு. படிச்சவன் கையெழுத்து போடணும், அதான் ரூலு.”

நான் நின்றபடியே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பாலம் வெடிக்கிறது. அடுத்த கட்டத்தில் அந்தச் சிப்பாய் தலையில் கட்டோடு கரையில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். எப்படித் தப்பினான் என்று ஒரு வரி கூட இல்லை.

“இவ்வளவுதானா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “நாங்களும் இதுக்குத்தான் அடிச்சிக்கினோம். அவன் செத்திருப்பான், எழுதினவனுக்கு மனசு வராம பொழைக்க வெச்சிட்டான்னு ஆறு பேரு சொன்னோம். இவன் ஒருத்தன்தான் பொழைச்சிட்டான்னு ஒத்தக் கால்ல நின்னான்.” மூன்றாவது கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். “அடுத்த மாசம் பனி சரிஞ்சிது. அதுல பூட்டான்.”

விரலை எடுத்துவிட்டு அவரே கேட்டார்: “ஆமா, அந்த ஆளு பாலத்துக்குக் கீழ எப்பிடிம்மா வந்தான்? மொதல் பாகம் எங்க கண்ணுலயே படல.”

வாயால் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு என் முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் உறையை உருவிப் போட்டார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் திருப்பினார். அட்டையைப் பின்னால் மடக்கிப் பிடித்தார். என்னால் உட்கார முடியவில்லை; எழுந்து வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்குமாக நடந்தேன்.

“யாரும் அனுப்பலியா இவன?” என்று கத்தினார். “ஆபீசரு திரும்பி வரச் சொல்றாரு, இவனா போய்க்கீறான்! ஆபீசரு அனுப்பிச்சாருன்னே நாங்க பேசிக்கினு இருந்தோம். இது தெரிஞ்சிருந்தா, பனியில பூட்டானே அவன், ‘தானா போனவனுக்குத் திரும்பி வரவும் தெரியும்’னு எங்கள சும்மா வுட்டிருக்க மாட்டான்.”

மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். ரோட்டில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. அவர் நிமிரவேயில்லை. புத்தகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. “படிச்சிட்டு வைங்க, அப்புறம் வர்றேன்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினேன்.

பஸ் புத்தூர் போவதற்குள், இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். இறங்கவில்லை.